எபேனிலிருந்து வந்த சேதி

ரோஸ் ஹில், மொரிஷியஸ்,
மார்ச் 9

அன்புள்ள வைத்திலிங்கம்,

காவடிக்கு நீ வருவாய் என்று உனக்கும் சேர்த்து ஏழு கறி சமைத்திருந்தோம். வராததற்கு நீ எழுதிய காரணத்தை என் மனைவி இன்னும் ஏற்கவில்லை. இங்கே எல்லோரும் நலம்; உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. ஐந்து மாதம் எழுதாமல் இருந்தது என் தவறு. இன்று என் மகள் தேவகியைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அவள் ஒன்பது ஆண்டுகளாக எபேனில் ஒரு கால் சென்டரில் இருப்பது உனக்குத் தெரியும். பிரான்சிலிருந்து அழைப்பவர்களுக்கு அவள் பெயர் ‘தெல்ஃபின்’; ரெயூனியன் தீவின் செயிண்ட்-ஆந்த்ரேயிலிருந்து வந்திருந்தபோது நீயும் அவளை அப்படிக் கூப்பிட்டு, இரண்டு நாள் அவள் உன்னோடு பேசவே இல்லை. சென்ற ஆகஸ்டில் அவளுடைய குழுவுக்குப் புதிய வேலை ஒன்று கொடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாடிக்கையாளருக்குச் சொல்லும் பதில்களைக் கேட்டு, தவறானவற்றைக் குறித்து, கோபமாகப் பேசுகிறவரிடம் எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதையெல்லாம் இவர்கள் எழுதித் தர வேண்டும். ஆறு மாதம் எழுதித் தந்தார்கள். போன வாரம், 22 பேர் இருந்த அந்தக் குழுவுக்கு இனி 8 பேர் போதும் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த எட்டுப் பேரில் தேவகியும் இருக்கிறாள். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். “மற்றவர்களை அனுப்புவதற்கு நானே வழி எழுதிக் கொடுத்தேன், அப்பா” என்று மறுநாள் சொன்னாள்.

அதைக் கேட்டதும் எனக்கு 1980தான் நினைவுக்கு வந்தது. மூட்டை கட்டாமல் சர்க்கரையை அப்படியே கப்பலில் கொட்டும் முனையம் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் தொடங்கியபோது, நம் இருவர் அப்பாக்களும் இரவெல்லாம் உங்கள் வீட்டு முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தார்களே. அந்த இயந்திரம் வேலையைப் பறித்தது உண்மை. அதே இயந்திரம் அடுத்த தலைமுறையின் முதுகைக் காப்பாற்றியதும் உண்மை. ஆனால் மூட்டையைத் தோளில் ஏற்றும் நுணுக்கத்தை அது என் அப்பாவிடம் கேட்டு எழுதி வாங்கவில்லை. தேவகியிடம் வாங்கியது அவளுடைய ஒன்பதாண்டுப் பொறுமையை, அதுவும் வழக்கமான மாதச் சம்பளத்துக்குள்ளேயே. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இயந்திரத்தால் எல்லாம் முடியும் என்று நான் நம்பவில்லை. சுவீடனின் கிளார்னா நிறுவனம் 2024இல், தன் மென்பொருள் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கவனித்தது, அது 700 ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அதன் தலைவர் சேவையின் தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு, மறுபடியும் மனிதர்களை எடுக்கத் தொடங்கினார். ஆனால் அப்படித் திரும்ப எடுக்கும் வேலை பழைய ஆட்களுக்கே, பழைய சம்பளத்தில், இந்தத் தீவிலேயே கிடைக்கும் என்பதற்கு யார் உறுதி தருவார்கள்?

நம்முடைய 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனம் ஆட்குறைப்புக்கு முன் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும். உடன்பாடு வராவிட்டால் ஆட்குறைப்பு வாரியத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெளியே போகும் 14 பேருக்கு அதுவாவது துணை நிற்கும். என்னை அதைவிட அதிகம் வாட்டுவது வேறொன்று. எச்.எஸ்.சி. முடித்த பிள்ளைகள், பிரெஞ்சு நன்றாகப் பேசினால் போதும் என்று, பேருந்து ஏறி எபேனுக்குப் போய் முதல் சம்பளம் வாங்கினார்கள். தேவகியும் அப்படித்தான் நுழைந்தாள். அந்த வாசலை இப்போது ஓசையில்லாமல் மூடுகிறார்கள். எடுக்கப்படாத பிள்ளைக்காக எந்த வாரியத்தில் போய் முறையிடுவது? நம் கோயில் இளைஞர் குழுவில் மட்டும் நான்கு பேர் தேர்வு முடித்துக் காத்திருக்கிறார்கள்.

அடுத்த வியாழக்கிழமை தேவகி தன் தோழிகளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறாள். புதிய முறையைக் கற்றுக்கொடுத்த வேலைக்குத் தனி ஊதியம் வேண்டும், விலக்கப்படுகிறவர்களுக்கு வேறு தொழில் கற்க நிறுவனமே செலவு செய்ய வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளை எழுதியிருக்கிறாள். உன் அப்பா துறைமுகச் சங்கக் கூட்டங்களில் எழுதி வைத்த பச்சை அட்டைக் குறிப்பேடு இன்னும் உன் அலமாரியில்தானே இருக்கிறது? 1979, 1980 பக்கங்களைப் படம் எடுத்து, புதன்கிழமைக்குள் அவளுக்கு அனுப்பு. அவர்கள் அன்று எதைக் கேட்டார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று அவள் பார்க்க விரும்புகிறாள்.

அன்புடன்,
ஆறுமுகம்