ஃபுளோரின் ஏற்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன; வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: இயற்கைச் சேர்மத்தின் ஹைட்ராக்சிலை (OH தொகுதியை) நீக்கி அந்த இடத்தில் ஃபுளோரினை அமர்த்துவது. 1950களில் ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனின் 9-ஆல்ஃபா இடத்தில் (9ஆம் கார்பனின் கீழ்ப்பக்கம்) ஒரு ஃபுளோரின் ஏறியதும் வீரியம் பல மடங்கு கூடியது. மருந்துத் துறையின் கவனம் ஃபுளோரின் பக்கம் திரும்பியது அங்கிருந்துதான்.

பயிற்சிக்குக் கொலஸ்டிராலை வைத்துக்கொண்டோம். 387 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல், உலர்ந்த டைகுளோரோமீத்தேன் 5 மில்லி, நைட்ரஜன், பனிக் குளியல். டாஸ்ட் (DAST, ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் ஃபுளோரினை அமர்த்தும் திரவம்) 0.16 மில்லி, 1.2 சமானம், பிளாஸ்டிக் ஊசியில் சொட்டுச் சொட்டாக. ஹைட்ராக்சில் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஃபுளோரின் வரும் என்று பாடத்தில் படித்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். 5,6 இரட்டைப் பிணைப்பு பின்னாலிருந்து முட்டுக் கொடுப்பதால் 3-பீட்டா ஃபுளோரைடுதான், அதாவது ஹைட்ராக்சில் இருந்த அதே பக்கத்தில்தான், கிடைக்கும். அந்த இரட்டைப் பிணைப்பு இல்லாத கொலஸ்டனாலில் பக்கம் மாறும். கூடவே நீர் நீங்கிய ஆல்கீனும் தாராளமாக வரும்.

சொதப்பல் பெரும்பாலும் வினையை நிறுத்தும்போதுதான். மிஞ்சிய டாஸ்ட் தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் ஃபுளோரைடை விடும். கலவையைத்தான் குளிர்ந்த, நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட்டில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; குடுவை நாலு பங்கு பெரியதாக இருக்கட்டும், நுரை பொங்கும். குமிழி அடங்குமுன் பிரிபுனலை மூடிக் குலுக்கினால் மூடி பறக்கும். டாஸ்ட் முழுதும் அழியாமல் கரைப்பானைச் சூடாக்கி வடிக்கவே கூடாது: 90 டிகிரிக்கு மேல் அது வெடித்துச் சிதையும். கறுத்துப்போன பழைய டாஸ்ட் பாட்டிலை வாலை வடித்து மீட்கும் யோசனையைக் குழு நிராகரித்தது, சரியான முடிவு. ஹைட்ரஜன் ஃபுளோரைடு புண்ணுக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

அடுத்த தொல்லை, விளைபொருளைத் தூய்மையாக்கும் குழாயில் நிரப்பும் சிலிக்கா; அது சற்று அமிலத்தன்மை உள்ளது. அமிலம் பட்டால் ஆல்கைல் ஃபுளோரைடு ஹைட்ரஜன் ஃபுளோரைடை இழக்கும். வெளிவந்த அமிலம் மேலும் இழக்கத் தூண்டும். குழாயில் ஊற்றும் கரைப்பானில் 1 சதவீதம் டிரைஎத்தில்அமீன் என்ற காரம் சேர்த்தால் தப்பிக்கலாம். என்எம்ஆருக்கான (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைக்கான) டியூட்டீரோ குளோரோஃபார்மையும் பொட்டாசியம் கார்பனேட் வழியே விடுங்கள். நிறமாலையில் 4.4 பிபிஎம் அருகே சுமார் 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிளந்த அகன்ற இரட்டை தெரிந்தால் ஃபுளோரின் ஏறிவிட்டது.

ஃபுளோரைடு தரும் இன்னொரு வினைப்பொருளான டிபிஏஎஃப் (டெட்ராபியூட்டைல்அம்மோனியம் ஃபுளோரைடு) குறித்து ஒரு வரி: நீருள்ள உப்பைச் சூடாக்கி உலர்த்தாதீர்கள். நீர் போகுமுன் உப்பே உடைந்து டிரைபியூட்டைல்அமீனும் பியூட்டீனும் பைஃபுளோரைடும் ஆகும்.

நித்தியகல்யாணி ஆல்கலாய்டிலிருந்து வரும் புற்றுநோய் மருந்தான வின்ஃபுளுனினையும் செய்து பார்க்கலாம் என்று சிலர் கேட்டனர். அதற்கு ஹைட்ரஜன் ஃபுளோரைடும் ஆண்டிமனி பென்டாஃபுளோரைடும் கலந்த மீஅமிலம் தேவை. கண்ணாடி தாங்காது, நம் புகைக்கூண்டும் தாங்காது. எனவே வரும் ஆண்டு அது சொற்பொழிவாக மட்டும் இடம்பெறும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்