நீ கேட்ட படப் பட்டியல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். "உனக்குப் பிடிச்ச பழைய படம் கொஞ்சம் சொல்லேன்மா, ஏன் பிடிக்கும்னும் சொல்லு" என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். போனில் தட்டச் சொன்னால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. அதனால் தாளில் எழுதுகிறேன், அப்பா போட்டோ பிடித்து அனுப்புவார். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

உன் மெசேஜ் வந்தபோது இங்கே மதியம் பன்னிரண்டு மணி. சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் உங்கள் ஊரில் ராத்திரி இரண்டரை என்றார் அப்பா. அந்த நேரத்தில் பழைய படத்தைப் பற்றி என்ன யோசனை உனக்கு? தூக்கம் வரவில்லையென்றால் சூடாகப் பால் குடித்துவிட்டுப் படு. ராத்திரி முழிக்காதே. உடம்பு சூடாகிவிடும், அப்புறம் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்பாய்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

முதலில் தில்லானா மோகனாம்பாள். உனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. டிவியில் இதைப் போட்டால் இந்த வீட்டில் குழம்பு தீய்ந்துபோகும் என்பது உனக்கே தெரியும். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதின கதை. தாத்தா அந்தப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார், அந்த நீல அட்டை போட்டது. 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள் என்று எல்லாம் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களாக வரும்போது, சொந்தக்காரர்கள் கதையைக் கேட்கிற மாதிரி இருக்கும். சிவாஜி கன்னத்தை உப்பிக்கொண்டு விரலை நகர்த்துவதைப் பார்த்தால் அவரே வாசிக்கிறார் என்று சத்தியம் செய்யலாம். வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். தாத்தா நாயனம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர். இந்தப் படத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார் என்று பாட்டி கேலி செய்வாள். ரயிலில் பாலையா பண்ணுகிற சேட்டை, ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா, சவடால் வைத்தியாக நாகேஷ், எதை விடுவது?

ஆனால் எனக்கு உயிர் 'நலந்தானா' பாட்டுதான். நாயனக்காரர் சண்முகசுந்தரம் காயம் பட்டு மீண்டு வந்திருக்கிறார். ஆடுகிற மோகனாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தனியாகப் போய்க் கேட்க வழியில்லை. அதனால் ஊரே உட்கார்ந்திருக்கிற சபையில், ஆடிக்கொண்டே கேட்கிறாள். பத்மினியின் முகத்தை நன்றாகப் பார். உதடு சிரிக்கும், கண் சிரிக்காது. பதில் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள். கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையில் சுசீலா பாடியது. முழுப் படத்துக்கு நேரமில்லையென்றால் இந்தப் பாட்டை மட்டுமாவது தனியாக எடுத்துப் பார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அடுத்தது 'அந்த நாள்'. இது மாப்பிள்ளைக்காகச் சேர்த்தது. அவர்தான் பாட்டு வந்தாலே ஓட்டிவிடுவாரே. இதில் ஓட்ட ஒன்றுமே இல்லை. 1954-லேயே பாட்டு, ஆட்டம், சண்டை எதுவும் இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுத்திருக்கிறார் வீணை எஸ். பாலச்சந்தர். ஏவி.எம். தயாரிப்பு. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943-ஆம் வருஷம் நடக்கிற கதை. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து அவரவர் பக்கத்தைச் சொல்கிறார்கள். யார் சுட்டது என்று நான் சொல்லமாட்டேன். பண்டரிபாய்தான் மனைவி. ஒரே வீட்டில் இருந்துகொண்டே, கூட இருக்கிறவன் என்ன செய்கிறான் என்று தெரியாமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்து... சரி விடு, கதையைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும். அவரும் கூட உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் இதைப் போடு. அவருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. வீடியோவில் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. பொங்கலுக்குக்கூட ஒரு வரி மெசேஜ்தான் வந்தது. போன வாரம் நீ பேசும்போதும் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டாய், எனக்கு உங்கள் வீட்டு விட்டம் மட்டும்தான் தெரிந்தது. அந்தச் சுவர் புதிதாக இருக்கிறதே என்று கேட்க நினைத்தேன். நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கிற ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் பாப்பா. 'ஹலோ' என்று சொல்கிற விதத்திலேயே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பேசுகிறவர் பின்னால் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதுகூடத் தெரியும். ஒரு பாத்திரம் உருளும், ஒரு கதவு சாத்தும், யாராவது தும்முவார்கள். உன் பின்னால் ஒன்றுமே கேட்கவில்லையே என்று அப்பாவிடம் சொன்னேன். இப்போதைய போன் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்றார். இருக்கலாம். அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ரொட்டியை மென்றுவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்று சொல்லாதே.

சிரிக்க வேண்டுமென்றால் 'காதலிக்க நேரமில்லை'. 1964, ஸ்ரீதர் படம். மனசு சரியில்லாத நாளில் எனக்கு இதுதான் மருந்து. சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறேன் என்று அலைகிற செல்லப்பா, அப்பா பாலையாவை உட்காரவைத்துப் பேய்க் கதை சொல்லுவானே, அந்த இடம். செல்லப்பாவாக வருகிற நாகேஷ், கதவு கிறீச்சிடுகிறது, காலடி கேட்கிறது என்று வாயாலேயே அத்தனை சத்தமும் போடுவார். எல்லோரும் நாகேஷைப் பாராட்டுவார்கள். நான் பாலையாவைத்தான் பார்ப்பேன். பெரிதாக வசனம் ஒன்றும் கிடையாது அவருக்கு. பெரிய எஸ்டேட் முதலாளி, கதைதானே என்று கெத்தாக ஆரம்பிக்கிறார். முகம் எப்படி ஒவ்வொரு படியாக இறங்குகிறது பார். முடிகிறபோது சின்னப் பையன் மாதிரி ஆகிவிடுவார். எதிராளி சொல்வதைக் கேட்பதுகூட ஒரு நடிப்பு என்று அந்த மனுஷனைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நீ நாலாவது படிக்கும்போது இதே காட்சியை அப்பாவை உட்காரவைத்து நடித்துக் காட்டுவாய், கதவுச் சத்தம் போடத் தெரியாமல் பூனை மாதிரிக் கத்துவாய். அப்பாவுக்கு இன்னமும் அது நினைவிருக்கிறது. அவருடைய பட்டியலில் முதலிடம் எப்போதும் கரகாட்டக்காரன்தான். வாழைப்பழம் வருகிற இடத்தில் இப்போதும் முதல் தடவை கேட்கிற மாதிரியே சிரிக்கிறார். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

பாசமலரை நான் சேர்க்கவில்லை. பாட்டி இருந்தால் சண்டைக்கு வருவாள். பாட்டுகள் தங்கம், சாவித்திரி மாதிரி இன்னொருத்தி பிறக்கவில்லை, எல்லாம் சரி. ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசியிருந்தால் படம் இடைவேளையிலேயே சுபமாக முடிந்திருக்கும். சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு, அவரவர் மூலையில் உருகி, கடைசியில் எல்லோரையும் அழவைத்து... எனக்கு அந்த மாதிரிப் படங்களைக் கண்டால் கோபம்தான் வருகிறது. நீ பார்க்காதே. தனியாக உட்கார்ந்து பார்க்கிற படமில்லை அது.

'வீடு' படம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பாலு மகேந்திரா, 1988. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். கதை என்று கேட்டால் ஒரு வரிதான்: வேலைக்குப் போகிற ஒரு பெண் சின்னதாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். அலுவலகத்தில் கடன், பிளான் அப்ரூவல், காண்டிராக்டர், சிமெண்ட் திருட்டு, மழை. இதையெல்லாம் எவன் படமாக எடுப்பான்? அவர் எடுத்தார். நம் வீடு கட்டும்போது நடந்தது அத்தனையும் அதில் இருக்கிறது. நைட் டூட்டி முடிந்து நான் நேராகக் கட்டடத்துக்கு வந்து, மூட்டையை எண்ணி வாங்கிவைத்துவிட்டு, சித்தாள் பெண்களோடு நின்று சுவருக்குத் தண்ணீர் அடித்திருக்கிறேன். நீ வேப்பமரத்துத் தூளியில் கிடப்பாய். அதனால்தான் படத்தில் சித்தாளாக வருகிற மங்கம்மா காண்டிராக்டரை நேருக்கு நேர் கேட்கிறபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பின வீட்டைப் பார்க்கவேண்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போவார். ஜன்னல் இல்லை, பூச்சு இல்லை, வெறும் செங்கல். ஒவ்வோர் அறையாகப் போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பார். வசனம் இல்லை. பேத்தி கட்டுகிற வீடு. அதற்குப் பிறகு அவர் அதிக நேரம் இருக்கமாட்டார். அந்தக் காட்சியை அப்பாவோடு சேர்ந்து நான் பார்ப்பதில்லை. அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

வீடு என்றதும் நினைவு வருகிறது. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. விசேஷம் ஒன்றுமில்லை, சுவரில் ஈரம் கோத்திருந்தது. அப்படியே ஃபேனையும் மாற்றிவிட்டார்கள். இன்டர்நெட்டும் வேகமானதாக மாற்றியிருக்கிறார் அப்பா. நம் தெருவிலேயே இரண்டு பேர் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனி வேலை பார்க்கிறார்களாம். சும்மா சொன்னேன்.

கே. பாலச்சந்தரில் எல்லோரும் வேறு படம் சொல்வார்கள். நான் 'அவர்கள்' என்றுதான் சொல்வேன், 1977. புருஷனாக ரஜினி. சிரித்துக்கொண்டே குத்துகிறவன், அடித்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். சுஜாதா அவனைவிட்டு விலகி வேலைக்குப் போய்ப் பிழைக்கிறாள். கமல் பொம்மையை வைத்துக்கொண்டுதான் மனசில் இருப்பதைப் பேசுவார். ஆனால் நான் பார்ப்பது மாமியாராக வருகிற லீலாவதியை. பெற்ற பிள்ளையின் பக்கம் நிற்காமல் மருமகள் பக்கம் நிற்கிறாள். அப்படியும் ஒருத்தி இருக்க முடியும் என்று எழுதினாரே, அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. எல்லோரும் அப்படி அமைவதில்லை. போன வெள்ளிக்கிழமை மயூரநாதர் கோயிலில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். முன்பெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி பேசுகிறவர்கள், நேரமாகிவிட்டது என்று பிரகாரம் சுற்றப் போய்விட்டார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக 'மறுபடியும்', 1993. இதுவும் பாலு மகேந்திரா. இந்தியில் வந்த அர்த் படத்தின் தமிழ். இதை ஏன் சேர்த்தேன் என்று யோசிக்காதே, ரேவதிக்காகத்தான். புருஷன் இன்னொருத்தியிடம் போய்விடுகிறான். துளசி முதலில் உடைந்துபோகிறாள், கெஞ்சுகிறாள், சண்டை போடுகிறாள். பிறகு தனியாக அறை எடுத்து, வேலை தேடி, மெல்ல நிமிர்கிறாள். அரவிந்த்சாமி நல்லவன், பாட்டுப் பாடி அவளைத் தேற்றுவான், 'நலம் வாழ எந்நாளும்' அதில்தான். கடைசியில் புருஷன் திரும்பி வருகிறான், வேண்டாம் என்கிறாள். நல்லவன் கேட்கிறான், அவனிடமும் வேண்டாம் என்கிறாள். வீட்டு வேலை செய்தவளின் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

படம் வந்த புதிதில் எக்ஸ்சேஞ்ச் பெண்களாகச் சேர்ந்து மேட்னி போனோம். வெளியே வந்ததும் ஒருத்தி, "அந்த அரவிந்த்சாமியையாவது கட்டிக்கிட்டிருக்கலாம்டி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். போன மாதம் டிவியில் மறுபடி பார்த்தேன். அவள் செய்தது சரிதான் என்று தோன்றியது. அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. திருச்சி அத்தை பெட்டியோடு வந்து நின்றபோது தாத்தா வாசலில் வைத்துச் சொன்னது உனக்குத் தெரியும். அப்பா அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பையன். அதை அவர் மறக்கவில்லை. இந்த வீடு அந்த மாதிரி வீடு இல்லை. அதை மட்டும் தெரிந்துகொள்.

நம் தெருவிலிருந்து தனியாக விமானம் ஏறிய முதல் பெண் நீதான். இன்றைக்கும் யாராவது கேட்டால் அப்பா உன் கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார், கேட்டவர் ஆச்சரியப்படுவதற்காக. அவ்வளவு தைரியம் இருக்கிறவளுக்கு அம்மாவுக்கு ஒரு போன் போட மட்டும் நேரமில்லை. போட்டால்தான் என்ன? நான் ஒன்றும் கேட்கமாட்டேன். படத்தைப் பற்றிப் பேசலாம். ராத்திரி முழிக்காதே.

வேறு சேதி என்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமாகியிருக்கிறது, சித்திக்கு முட்டி வலி, எதிர்வீட்டு மாமா மாமரத்தை வெட்டிவிட்டார். அதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

அடுத்த மாதம் சித்தப்பா பையன் அங்கே வருகிறான், அவனிடம் பொடிகள் கொடுத்தனுப்பலாம் என்று இருக்கிறேன். மிளகாய் காயவைத்தாயிற்று. சாம்பார் பொடி எப்போதும்போல ஒரு கிலோ அரைக்கட்டுமா, இல்லை அரைக் கிலோ போதுமா? எத்தனை பேருக்கு என்று மட்டும் சொன்னால் போதும், அதற்குத் தகுந்த மாதிரி அரைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா