வாஸா, ஹேவா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். நீ அனுப்புன லெட்டர் டிராஃப்ட் பார்த்தேன். இங்கிலீஷ் மட்டும் சரி பாத்துக் குடுங்கப்பா, வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லிருந்த, சரி, இங்கிலீஷ் மட்டும் பாக்கறேன். நல்லாவே எழுதிருக்க. நீளமான வாக்கியத்தைக்கூட எங்கயும் தடுக்காம கொண்டு போற, உங்கண்ணனுக்கு இன்னும் அது வரல. ஒரே ஒரு இடத்துலதான் திரும்பத் திரும்ப சறுக்குது, இந்த ஆல்வேஸ், நெவர், ஆஃபன் எல்லாம் பிரசென்ட் பெர்ஃபெக்ட்ல, அதாவது ஹேவ் போட்டு எழுதற வாக்கியத்துல, எங்க வரணும்ங்கறதுல.

ஹேவ்-க்கு அப்புறம், மெயின் வெர்புக்கு முன்னாடி, அவ்ளோதான். "ஐ ஹேவ் வொர்க்ட் ஆல்வேஸ் அலோன்"னு போட்டிருக்க, அது "ஐ ஹேவ் ஆல்வேஸ் வொர்க்ட் அலோன்"னு வரணும். பேசிவ்ல பீன் வந்தாலும் முதல் ஹெல்பிங் வெர்புக்கு அடுத்துதான், "ஐ ஹேவ் ஆஃபன் பீன் ஆஸ்க்ட் டு ஸ்டே லேட்". அடிக்கடி லேட்டா இருக்கச் சொல்றாங்களாம்மா? சரி விடு, இங்கிலீஷ் மட்டும்னு சொன்னல்ல.

கேள்வின்னா சப்ஜெக்டுக்கு அப்புறம் போகும், "ஹேவ் யூ எவர் டோல்ட் எனிஒன்?"னு வரும். த்ரீ டைம்ஸ், எவ்ரி வீக்னு எண்ணிச் சொல்றதெல்லாம் பெரும்பாலும் கடைசில. சம்டைம்ஸ வாக்கியத்தோட ஆரம்பத்துலயே போடலாம், ஆனா நெவர அப்படி முன்னாடி தூக்கிட்டு வந்தா "நெவர் ஹேவ் ஐ"ன்னு திருப்பிப் போடணும், மேடைல பேசற மாதிரி ஆயிடும், ஆபீஸ் லெட்டருக்கு வேண்டாம்.

அப்புறம் "ஐ ஹேவ் நாட் நெவர் கம்ப்ளெயின்ட்"ல நாட் வேண்டாம், நெவர்லயே இல்லங்கறது இருக்கு. "ஐ ஹேவ் நெவர் கம்ப்ளெயின்ட்", உண்மைதான், அத்தை வீட்டு விஷயத்துலயும் நீ கடைசிவரைக்கும் வாயத் தொறக்கலயே. என் பொண்ணு எதையும் தாங்கிக்குவான்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவேன், நேத்து இந்த வரிய திருத்தி டைப் பண்றப்ப அந்தப் பெருமை வரல.

திரும்பவும் சொல்றேன், ஹேவ்-க்கு அப்புறம், வெர்புக்கு முன்னாடி. ஷார்ட்டா பதில் சொல்றப்ப மட்டும் ஹேவ்-க்கு முன்னாடி வரும், "ஐ ஆல்வேஸ் ஹேவ்"னு, அது உன் லெட்டர்ல இல்ல.

இப்ப அஞ்சாவது பேரா. "ஐ ஹேவ் பீன் ஆஃபன் அன்வெல் லாஸ்ட் இயர்". ஆஃபன தூக்கி ஹேவ் பக்கத்துல வைக்கறது சுலபம். ஆனா லாஸ்ட் இயர் முடிஞ்சு போன காலம், பிரசென்ட் பெர்ஃபெக்ட் இன்னிக்கு வரைக்கும் நீளுற காலம், ரெண்டும் ஒரே வாக்கியத்துல சேராது. போன வருஷத்தோட முடிஞ்சுதுன்னா "ஐ வாஸ் ஆஃபன் அன்வெல் லாஸ்ட் இயர்". இன்னும் தொடருதுன்னா "ஐ ஹேவ் ஆஃபன் பீன் அன்வெல் சின்ஸ் லாஸ்ட் இயர்". ரெண்டுமே கிராமர்படி சரி, ஆனா எது நிஜம்னு எனக்குத் தெரியலம்மா. அதனால அந்த ஒரு வரிய மட்டும் தொடாம வச்சிருக்கேன்.

போன வருஷம் ஒவ்வொரு தடவ போன் பண்ணப்பவும் நல்லா இருக்கேன்பான்னுதான் சொன்ன, நடுவுல ரொம்ப நாள் போனே இல்ல, வேலைன்னு நெனச்சுக்கிட்டோம். முன்னப்பின்ன தெரியாத ஒரு மேனேஜருக்கு எழுத முடிஞ்சது எங்ககிட்ட சொல்ல முடியலையா? திட்டறேன்னு நெனைக்காத. எப்பவும் தனியாவே வேலை, அடிக்கடி லேட்டு, அடிக்கடி உடம்புக்கு முடியல, எதுக்கும் வாயத் தொறந்ததில்ல, இதெல்லாம் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து வந்தா படிக்கறவனுக்கு எப்படிம்மா இருக்கும்? அம்மாகிட்ட இன்னும் காட்டல, லெட்டர் திருத்தறேன்னு மட்டும் சொல்லிருக்கேன்.

மத்த திருத்தமெல்லாம் சிவப்புல போட்டு அனுப்பிட்டேன். அஞ்சாவது பேராவுக்கு வாஸா ஹேவான்னு நீயே சொல்லு, மெசேஜ்ல வேண்டாம், போன் பண்ணு, எந்நேரமானாலும் பரவால்ல. டாக்டர்கிட்ட போனியா, என்ன சொன்னாங்கன்னும் சொல்லு. அதுவரைக்கும் அந்த லெட்டர குடுத்துடாத.

இப்படிக்கு,
அப்பா