மாயப்புனைவு நாவல்கள்: எதை முதலில் எடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த 'படிக்க வேண்டிய மாயப்புனைவு (ஃபேன்டஸி) நாவல்கள்' பட்டியலின் தேர்வுகளில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் எதிலிருந்து தொடங்குவது, தொடர் என்றால் எந்த வரிசையில் படிப்பது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. புதிதாக வருபவர்கள் பாதியிலேயே புத்தகத்தை மூடிவைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சி. எஸ். லூயிஸின் நார்னியா தொடரையே எடுத்துக்கொள்வோம். இப்போது விற்பனையில் உள்ள பல பதிப்புகளில் 'தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ' நூலுக்கு ஒன்றாம் எண் போட்டிருக்கிறார்கள். அது 1955இல் ஆறாவதாக வெளிவந்த நூல். முதலில் வந்தது 1950இன் 'தி லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்'. அதில் துணி அலமாரிக்குள் நுழையும் சிறுமி லூசி, பனி மூடிய காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு எரிவதைப் பார்த்துத் திகைக்கிறாள். அந்த விளக்கு அங்கே எப்படி வந்தது என்பதை ஆறாம் நூல் சொல்லிவிடுகிறது. அதை முதலில் படித்தவருக்கு லூசியோடு சேர்ந்து திகைக்க வழியில்லை. வெளிவந்த வரிசையைவிட, கதைக்குள் சம்பவங்கள் நடக்கும் கால வரிசையே தனக்குப் பிடித்தமானது என்று லூயிஸே ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்தான். எழுதியவரே சொன்னாலும் இதை ஏற்க முடியவில்லை.

டோல்கீனில் சிக்கல் வேறு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 55இல் மூன்று தொகுதிகளாக வந்தாலும் அது ஒரே நாவல். முதல் தொகுதி முடிந்ததும் கதை முடியவில்லையே என்று குழம்ப வேண்டாம். பலர் விழுவது முன்னுரையில். ஹாபிட்கள் என்னும் குள்ள இனத்தாரின் குலப்பிரிவு, புகையிலை, ஆட்சிமுறை என்று அது நீண்டுகொண்டே போகும். அதைத் தாண்டி நேரே முதல் அத்தியாயத்தின் பிறந்தநாள் விருந்துக்குப் போய்விடலாம். நாவலின் மையமான மந்திர மோதிரம் கிடைத்த கதை 1937இன் 'ஹாபிட்'டில் இருப்பதால் அதை முன்பே படித்திருப்பது நல்லது. 'சில்மரில்லியன்' கடைசியில்தான், ஆசிரியர் மறைந்தபின் மகன் தொகுத்த புராணத் திரட்டு அது, நாவலாக எண்ணி எடுத்தால் ஏமாற்றமே.

டெர்ரி ப்ராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் 41 நாவல்கள் கொண்டது. 1983இல் வந்த முதல் நாவல் இவ்வகைக் கதைகளைக் கிண்டல் செய்கிறது. கிண்டலடிக்கப்படுவது எது என்று தெரியாதவருக்குச் சிரிப்பு வராது. அதற்குப் பதில் அதே தொடரின் 'மார்ட்' அல்லது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலிலிருந்து தொடங்கினால் போதும்.

முதன்முதலாகப் படிப்பவருக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், உர்சுலா லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' (1968). சிறிய நூல். இங்கே மந்திரம் இலவசமல்ல. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வறளலாம். கதைநாயகனான இளம் மந்திரவாதி கெட் வீம்புக்காகச் செய்யும் ஒரு மந்திரம் நிழலொன்றை அவிழ்த்துவிடுகிறது. மீதிக்கதை முழுவதும் அதற்கான கணக்குத்தீர்ப்பு. அடுத்த நூலான 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' நிலத்தடி இருளில் வளரும் பூசாரிப் பெண் டெனாரின் கதை. கெட் நெடுநேரம் தலைகாட்ட மாட்டான், பொறுக்க வேண்டும். நான்காம் நூல் 'டெஹானு' மூன்றாவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல் வந்தது. அதன் தொனியே வேறு, உடனே தொடராமல் இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது.

ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலுக்கு மொழிபெயர்ப்பைப் பார்த்து வாங்க வேண்டும். 1940இல் அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகே, அதுவும் தணிக்கையில் வெட்டப்பட்ட வடிவில், ஒரு மாஸ்கோ இதழில் அது வெளியானது. 1967இல் மிர்ரா கின்ஸ்பர்க் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த வெட்டுப்பட்ட பிரதியைப் பின்பற்றியது. முழுப் பிரதியிலிருந்து செய்ததா என்று முன்னுரையில் பார்த்துக்கொள்ளலாம். மாஸ்கோவில் தொடங்கும் கதை, இரண்டாம் அத்தியாயத்தில் திடீரென்று, இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் அரண்மனைக்குத் தாவும். அது வேண்டுமென்றே செய்தது.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் வெளியான ஆண்டையும், மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்