பாப்பாவுக்கு, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

பாப்பா,

நேத்து நீ போன்ல கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல. பின்னாடி மிக்சி ஓடிச்சு, உங்கம்மா வேற "பீஸ் எவ்ளோன்னு கேளு, எவ்ளோன்னு கேளு"ன்னு முதுகுல குத்திக்கிட்டே இருந்தா. எழுதினாத்தான் எனக்குக் கோர்வையா வரும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பறேன். கையெழுத்தப் பாத்துச் சிரிக்காதே.

குட்டிய மாண்டிசோரி ஸ்கூல்ல சேக்கலாமா, வருசத்துக்கு ஒன்றரை லட்சம் குடுக்கலாமான்னு கேட்ட. எனக்கு ஸ்கூலப் பத்தி என்னா தெரியும்? ஆனா அங்க புள்ளைங்க கையில குடுக்கற மரக்கட்டைங்களப் பத்தித் தெரியும். நானே செஞ்சிருக்கேன். உனக்கு ஞாபகம் இருக்காது, அப்ப உனக்கு அஞ்சு வயசு.

1994ல பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன மாண்டிசோரி ஸ்கூல் நடத்துன டீச்சர் நம்ம பட்டறைக்கு வந்தாங்க. கையில ஒரு நோட்டு, அதுல படம் போட்டு அளவு எழுதியிருந்துச்சு. பத்து சதுரக் கட்டை, சின்னது எல்லாப் பக்கமும் 1 சென்டிமீட்டர், பெருசு 10. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கோபுரம் மாதிரி நிக்கும். நான் அடி, அங்குலம், நூல்னு வளந்தவன். சென்டிமீட்டர்ல ஒரு பொருள முழுசா செஞ்சது அதான் மொதல் தடவ. மண்ணடில இடிச்ச வீட்டு தேக்கு உத்தரம் ஒண்ணு கிடைச்சுது, அதுல அறுத்தேன். பெரிய கட்டை அரைக் கிலோவுக்கு மேல இருக்கும், சின்னது சுண்டைக்காய் அளவு. எல்லாத்துக்கும் ரோஸ் கலர் பெயிண்ட் அடிக்கச் சொன்னாங்க. அவ்ளோ நல்ல ரேகை ஓடுற மரத்து மேல பெயிண்ட் அடிக்க எனக்கு மனசே வரல, இன்னிக்கும் நெனச்சா வயிறு எரியுது.

"எத்தன செட்டும்மா?"ன்னு கேட்டேன். "ஒண்ணு." "எத்தன புள்ளைங்க?" "முப்பது." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முப்பது புள்ளைக்கு ஒரு செட்டா, காசில்லையோன்னு நெனச்சேன். அவங்க சொன்னாங்க, ஒருத்தன் எடுத்துட்டா இன்னொருத்தன் அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், இல்ல வேற எடுக்கணும், அதுக்குத்தான் ஒண்ணே ஒண்ணு. குழா தண்ணிக்குக் குடத்த வரிசைல வெச்சுட்டு அடிச்சுக்கிற ஊர்ல இது நடக்குமான்னு எனக்கு அப்ப நம்பிக்கையே இல்ல.

அடுத்து வந்ததுதான் பெரிய வேல. நாலு நீளக் கட்டை, ஒவ்வொண்ணுலயும் பத்துக் குழி, பத்துக் குழிக்கும் பத்து உருளை, ஒவ்வொரு உருளைக்கும் தலைல ஒரு குமிழ். கடைசல்ல நாப்பது உருளையும் கடைஞ்சேன். ஒரு கட்டைல உருளைங்க தடிமன்ல மட்டும் மாறும், இன்னொண்ணுல உயரத்துல மட்டும். மொட்டையா இருந்தா போதாதா, குமிழ் எதுக்குன்னு கேட்டேன். புள்ளைங்க மூணு வெரலால பிடிச்சுத் தூக்கணும், நாளைக்குப் பென்சில் பிடிக்கிறதும் அதே மூணு வெரல்தான்னாங்க. நான் உளி பிடிக்கிற கையப் பாத்துக்கிட்டேன்.

இதுல நான் ஒரு தப்பு பண்ணேன். தேக்கு வெல ஏறிடுச்சுன்னு, உருளைக்கு மட்டும் வால்டாக்ஸ் ரோடு மரக்கடைல சரியா காயாத மரம் வாங்கிட்டேன். கைக்கு நாலு காசு மிஞ்சும்னு ஆசை. குடுக்கும்போது எல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. அந்தக் கார்த்திகை மழைல, நம்ம ஊர் உப்புக் காத்துல, மரம் ஊறி உப்பிப் போச்சு. டீச்சர் கட்டைய ஆட்டோல தூக்கிக்கிட்டு பட்டறைக்கே வந்துட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டல. எதிர்ல ஸ்டூல் இழுத்துப் போட்டு உக்காந்து சொன்னாங்க: "ஆசாரி, இங்க தப்பு எதுன்னு நான் சொல்றதில்ல, இந்தக் கட்டைதான் சொல்லணும். ஒண்ண மாத்தி வெச்சா கடைசி உருளைக்குக் குழி சேராது, அப்ப அவனே உக்காந்து தேடுவான். உங்க கட்டை பொய் சொல்லிச்சுன்னா அந்தப் புள்ள சரியா வெச்சும் தப்புன்னு நெனச்சுக்கும்."

நாப்பது வருசமா மரம் இழைக்கறேன். எவ்வளவோ பேர் திட்டியிருக்காங்க, யார் திட்டும் இந்த மாதிரி உள்ள போனதில்ல. நாப்பதையும் நல்ல மரத்துல மறுபடி கடைஞ்சு குடுத்தேன், காசு வாங்கல.

அன்னிக்குத்தான் இந்தப் படிப்ப உண்டாக்குன இத்தாலிக்கார டாக்டரம்மா கதையையும் டீச்சர் சொன்னாங்க. மரியா மாண்டிசோரி 1907ல மொதல் பள்ளிக்கூடம் தொறந்தது பணக்காரங்க தெருவுல இல்ல பாப்பா. ரோம்ல சான் லொரென்சோன்னு கூலிக்காரங்க ஏரியா. அப்பன் ஆத்தா காலைல வேலைக்குப் போயிடுவாங்க, வாண்டுங்க படிக்கட்டுல ஏறி இறங்கி சுவத்தையெல்லாம் நாசம் பண்ணும். கட்டடம் கெட்டுப்போகுதேன்னு வீட்டுக்காரங்க ஒரு ரூமக் குடுத்தாங்க, அதுங்கள அடைச்சு வெக்க. நம்ம லைன் வீட்டு ஓனர் உன்ன மாடிப்படில பாத்தா கத்துவாரே, அதே கதைதான். அந்த ரூம்ல இருந்து வந்த படிப்புக்கு இன்னிக்கு ஒன்றரை லட்சம்.

அந்தம்மா நம்ம மெட்ராசுக்கும் வந்திருக்காங்க. 1939ல, 69 வயசுல, தியசாபிகல் சொசைட்டி, அதான் பிரம்மஞான சபை, கூப்பிட்டு அடையாறுக்கு வந்தாங்க. ஓலைக் கொட்டகைல முந்நூறு பேருக்கு மேல உக்கார வெச்சு டீச்சர் பயிற்சி குடுத்தாங்க. கொஞ்ச மாசத்துல திரும்பற நெனப்புலதான் வந்தாங்க, 1940ல இத்தாலி வெள்ளைக்காரனுக்கு எதிரா சண்டைல சேந்துடுச்சு. வெள்ளைக்காரன் மகன் மாரியோவக் கொண்டுபோய் முகாம்ல அடைச்சான், அம்மாவ அந்த சொசைட்டி தோட்டத்த விட்டு வெளிய போகாதேன்னான். 70வது பொறந்த நாளுக்குத்தான் மகன விட்டாங்க. அப்புறம் 1946 வரைக்கும் இந்தியாலயே இருந்து பாடம் நடத்திட்டுப் போனாங்க. அந்த மாரியோவ அவங்க கைக்குழந்தைலயே வேற குடும்பத்துல விட்டுத்தான் வளத்தாங்களாம், கல்யாணம் ஆகாம பொறந்த புள்ள. பெரிய பையனா ஆனப்புறம்தான் கூட வெச்சுக்க முடிஞ்சுது. ஊர் புள்ளைங்களோட ஒவ்வொரு அசைவையும் உக்காந்து பாத்து எழுதுனவங்க, தன் புள்ள மொதல் அடி எடுத்து வெச்சதப் பாத்திருப்பாங்களான்னு நான் சில சமயம் யோசிப்பேன்.

ஏன் இத இழுக்கறேன்னு கேப்ப. நான் அந்தக் கட்டைங்கள கடைஞ்சுக்கிட்டிருந்த அதே மாசம், நீ பட்டறைல வந்து சின்ன சுத்தியலத் தூக்கின. ஒரு பலகைல ஆணி அடிக்கணும்னு நின்ன. நான் பிடுங்கிட்டேன். "கைய நசுக்கிக்கப் போற, உள்ள போ." மறுநாள் வந்து உப்புத்தாள் கேட்ட. அதையும் குடுக்கல, தூசு மூக்குல போகும்னேன். மூணாவது நாள் நீ வரல. ஊர் புள்ளைங்க மூணு வெரலால பிடிக்கக் குமிழ் கடைஞ்சவன், உன் கையில இருந்து பிடுங்கிக்கிட்டே இருந்திருக்கேன். தண்ணியும் அப்படித்தான். லாரி வந்து ரெண்டு நாள் ஆன வீட்ல ஒரு சொம்பு தண்ணி கீழ போனா உனக்கு முதுகுல ஒண்ணு விழும். உங்கம்மாவச் சொல்லிக் குத்தமில்ல. அரிசியயோ துவரம்பருப்பயோ ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி ஊத்தக் குடுத்திருக்கலாம், சிந்தினாலும் பொறுக்கிக்கலாம். அந்த ஸ்கூல்லயும் மொதல்ல அப்படித்தான் பழக்குவாங்க. நமக்கு அப்ப தோணல.

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். மே மாசம் குட்டி இங்க இருந்தப்ப நான் பாத்தேன். உங்கம்மா முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்துல உக்காந்து, முக்கால் மணி நேரம், ஒவ்வொரு எலையா உருவினா. பாதி கீழ, கொஞ்சம் வாய்ல, மீதி முறத்துல. ஒரு சத்தம் இல்ல. ரெண்டரை வயசு. நீ உள்ள இருந்து வந்த, "ஐயோ டைம் ஆச்சு"ன்னு தூக்கிட்டுப் போய் ரெண்டே நிமிசத்துல சட்டை மாட்டி பட்டன் போட்டு விட்ட. அவ காலைல இருந்து அதே பட்டனோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா, நீ பாக்கல. அங்க ஸ்கூல்ல மரச்சட்டத்துல துணி மாட்டி பட்டன் போடக் கத்துக் குடுப்பாங்க. அதுக்குக் காசு கட்டிட்டு வீட்ல நீயே போட்டு விட்டா என்னா அர்த்தம்? கோச்சுக்காதே. உனக்கு ஆபீஸ் பஸ் எட்டே காலுக்குன்னு தெரியும். கால் மணி முன்னாடி எழுப்பிப் பாரு.

சேக்கறதுன்னா சேத்துடு, ஆனா போர்டப் பாத்து ஏமாறாதே. மாண்டிசோரிங்கற பேரு யாருக்கும் சொந்தமில்ல, யாரு வேணும்னாலும் எழுதி மாட்டிக்கலாம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு காலைல போய் பின்னாடி சும்மா உக்காந்து பாருங்க. விட மாட்டேன்னு சொன்னா கெளம்பி வந்துடு. அலமாரி புள்ளைங்க கைக்கு எட்டுதா? மூணு வயசு, அஞ்சு வயசு எல்லாம் ஒரே ரூம்ல இருக்கா, இல்ல வயசு வாரியாப் பிரிச்சு வெச்சிருக்கானா? மூணு மணி நேரம் மணி அடிக்காம, அவங்க எடுத்தத அவங்க முடிக்க விடறாங்களா? கட்டையெல்லாம் புதுசா பளபளன்னு கண்ணாடிக்குள்ள இருந்தா எனக்கு சந்தேகம்தான், ஓரம் தேஞ்சிருக்கணும். டீச்சர் குரல் ரோடு வரைக்கும் கேட்டாலும் சந்தேகம்தான்.

ஒண்ணு மட்டும் நான் அந்தம்மாவோட ஒத்துப்போக மாட்டேன். சின்னப் புள்ளைங்களுக்கு தேவதை கதை, மாயக்கதை எல்லாம் வேணாம்பாங்களாம், நெசத்த மட்டும் காட்டணுமாம். உங்கம்மா சொல்ற நரிக்கதைய நிறுத்தறது என் கையிலயும் இல்ல, உன் கையிலயும் இல்ல.

குட்டிக்கு ரெண்டு பொருள் செய்யலாம்னு இருக்கேன். ஒண்ணு, வாஷ்பேசின்ல அவளே ஏறிக் கை கழுவ ஒரு படி. இன்னொண்ணு, உக்காந்து செருப்பு மாட்ட ஒரு முக்காலி. மரம் இருக்கு, நல்லாக் காஞ்ச மரம். ஓரத்தையெல்லாம் உப்புத்தாள் போட்டு மழமழன்னு பண்ணிடறேன். எனக்கு அளவுதான் வேணும். தரைல இருந்து பேசின் எவ்ளோ உயரம், குட்டிக்கு முழங்கால் மடிப்புல இருந்து பாதம் வரைக்கும் எவ்ளோ. சென்டிமீட்டர்லயே அனுப்பு. வளர்ற புள்ளதானேன்னு கூட்டிச் சொல்லாதே, இப்ப அவ கால் தரைல படணும். அளக்கும்போது டேப்போட ஒரு நுனிய அவ பிடிச்சுக்கட்டும்.

அப்பா