செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று மரக்கன்று நட்டோம். வன உயிரின வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தினோம். ஒரு ஞாயிறு பவானிசாகரில் பறவை பார்த்தோம்.

இனி, பட்டியில் ஆடு செத்தால் நேரில் போய்ப் பார்த்து எழுதும் ஓநாய்ப் பதிவேடு. போன பொதுக்குழுவில் "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2024-ல் உத்தரப்பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய்கள் குழந்தைகளைக் கொன்ற செய்தி, கைப்பேசி வழியாக நம் ஆட்டுப்பட்டிகள் வரை வந்துவிட்டது. அங்கே நடந்தது பெருந்துயரம். ஆனால் அதற்கப்புறம் இங்கே எந்த ஆடு செத்தாலும் பழி ஓநாய் மேல்தான். இந்தியாவில் சுமார் 3,100 ஓநாய்கள் இருக்கலாம் என்பது 2022-ல் வெளியான மதிப்பீடு. அதே ஆண்டுக் கணக்கில் புலிகளே சராசரியாக 3,682. புலிக்குக் காப்பகம் இருக்கிறது. ஓநாயோ பெரும்பாலும் நாம் தரிசு என்று தள்ளிவைக்கும் மேய்ச்சல் நிலத்தில், ஆட்டுக்காரர்களுக்கு நடுவில் பிழைக்கிறது. அவர்கள் மனசு வைக்காமல் எந்தச் சட்டமும் அதைக் காப்பாற்றாது.

அதற்குத்தான் பதிவேடு. போன் வந்ததும் கிளம்பிப் போய், கடிவாய், தடம், இழுத்த வழி எல்லாம் பார்த்து எழுத வேண்டும். வெயில் ஏறினால் தடம் போய்விடும். ஆடி மாதம் ஒரு பட்டியில் ஐந்து ஆடுகள் செத்துக் கிடந்தன. தொடையிலும் வாலடியிலும் கடி, ஒன்றையும் தின்னவில்லை. ஈர மண்ணில் தடம் பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. பட்டிக்காரப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஓநாயா இருந்தா ஒண்ணைக் கவ்விட்டு நேரா போயிருக்குமுங்க. இது ஊர் நாய்ங்க வேலை" என்றார். அதற்குள் அவர் மகன் செத்த ஆட்டில் விஷமாக வைக்கக் குருணை மருந்தோடு (பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லி) நின்றிருந்தார். வைத்திருந்தால் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பிணந்தின்னிக் கழுகுகளும் சேர்ந்து செத்திருக்கும். பேசிப் புரியவைத்து, குழி தோண்டிப் புதைத்தோம்.

இன்னொரு பட்டியில் ஒரு குட்டி போயிற்று. அங்கே தடம் ஓடை மணலில் நூல் பிடித்தது போல நேராகப் போனது. கால்நடை மருத்துவர் சான்றிதழோடு நிவாரண மனு எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதமாகிறது, பதில் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அடுத்த முறை அவரும் குருணை மருந்து வாங்கினால் நான் என்ன சொல்லித் தடுப்பேன்?

விடியற்காலையில் என்னோடு வந்தவர் பொருளாளர் ஒருவர்தான். வாட்ஸ்அப்பில் கைகூப்பியவர்கள் பலர். பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு மூன்றாம் ஆண்டு. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஜீப் வாடகை சற்றுக் கூடியிருக்கிறது, சில ரசீதுகள் வரவேண்டும். மொத்தத்தில் கையிருப்பு சொல்லும்படி இல்லை.

மண்டபம் தந்தவருக்கும், பரிசுப் புத்தகங்கள் தந்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் செய்யத் தயார். ஆனால் என் முழங்கால் முன்போல இல்லை. பைக் ஓட்டத் தெரிந்த, நாலு மணிக்கு எழக்கூடிய இரண்டு பேர் போதும். தடம் பார்க்க நான் கற்றுத் தருகிறேன். பதிவேட்டில் கடைசிப் பதிவு மாசி 14. அதற்கப்புறம் பட்டிகளிலிருந்து வந்த இரண்டு அழைப்புகளுக்குப் போக முடியவில்லை. அந்தப் பக்கங்களைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்