பட்டினியிலிருந்து மீண்டவருக்கு டயட் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் உடல்நலப் பக்கத்தில், மந்தமாகிப்போன மெட்டபாலிசத்தை (உடம்பு ஆற்றலை எரிக்கும் வேகத்தை) மீட்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு பத்தி இருக்கிறது. உண்ணுதல் கோளாறிலிருந்து (பட்டினி, ஆவேசச் சாப்பாடு, வாந்தி என்று சாப்பாடே நோயாகிவிடும் நிலையிலிருந்து) வெளியே வந்தவர்கள் எடை ஏறிவிடாமல் இருக்கக் காலை உணவைத் தள்ளிப்போடலாமாம், வாரத்தில் இரண்டு நாள் அரைவயிற்றோடு நிறுத்தலாமாம், வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்யலாமாம். அந்தப் பத்திக்காகத்தான் இந்தக் கடிதம். அதைப் படித்துவிட்டு நாளைக் காலை ஒருவர் சாப்பிடாமல் கிளம்பினால், அது அவருக்கு டயட் அல்ல, பழைய நோய்.

நான் ஆண், நாற்பதைத் தாண்டியவன், கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கிறவன். இளவயதில் குத்துச்சண்டை ஆடினேன். எடைப் பிரிவுக்குள் நிற்பதற்காகத் தொடங்கிய பட்டினி, மேடையை விட்டு இறங்கிய பிறகும் என்னை விடவில்லை. பகல் முழுக்கப் பட்டினி, நள்ளிரவில் கைக்குக் கிடைத்ததெல்லாம், மறுநாள் விடிவதற்குள் அதற்குத் தண்டனையாக ஓட்டம். பல வருடங்கள் இப்படிப் போயின. இதை யாரும் நோயென்று நினைக்கவில்லை. பெண்ணாக இருந்திருந்தால் மாதவிலக்கு நின்றதும் வீட்டில் யாராவது விசாரித்திருப்பார்கள். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவது வெளியே தெரிவதில்லை. "உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கிறார்" என்ற பாராட்டுதான் கிடைத்தது.

ஒரு மருத்துவர்கூட என் நாடியைப் பார்த்துவிட்டு, "நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு, விளையாட்டு வீரரின் இதயம்" என்று சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை. என்னைப் படுக்கவைத்து எண்ணினார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார். நின்றதும் துடிப்பு இரட்டிப்புக்குப் பக்கத்தில் தாவியது, கண்ணும் இருட்டியது. நல்ல பயிற்சியால் நிதானமான இதயம் எழுந்து நிற்பதற்கெல்லாம் இப்படி அலறாது, இது பட்டினியால் மெதுவான இதயம் என்றார். ஈசிஜி எடுத்தார், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம் எல்லாம் பார்த்தார். தைராய்டை வேலை வாங்கும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் சரியாக இருந்தது, உடம்பின் எரிப்பை ஏற்றும் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் மட்டும் தாழ்ந்து கிடந்தது. "தைராய்டு மாத்திரை போட்டால் மெட்டபாலிசம் ஏறாதா?" என்று ஆசையோடு கேட்டேன். தைராய்டுக்கு நோயில்லை, உடம்பு தெரிந்தேதான் அதைக் குறைத்து வைத்திருக்கிறது, மாத்திரையால் விரட்டினால் மிச்சமிருக்கும் தசையும் இதயமும்தான் அடிபடும் என்று மறுத்துவிட்டார்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இதுதான். மெட்டபாலிசம் 'கெட்டுப்போவதில்லை'. சம்பளம் பாதியாகிவிட்ட வீடு எப்படிச் செலவைச் சுருக்குமோ அப்படி உடம்பும் சுருக்குகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. அது குறைந்ததும் மூளை, இது பஞ்ச காலம் என்று எடுத்துக்கொள்கிறது. இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்குகின்றன, உடல் வெப்பம் இறங்குகிறது, வயிறு காலியாகும் வேகம் குறைகிறது, எலும்பு கட்டுவது தள்ளிப்போடப்படுகிறது. கைகால் சில்லிட்டுப்போவது, இரண்டு வாய்க்குள் வயிறு உப்பிவிடுவது, முடி கொட்டுவது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது எல்லாம் இந்தச் சிக்கனத்தின் விளைவுதான். வரவு திரும்பினால் செலவும் திரும்பும். குறுக்குவழி கிடையாது. காரமும், குளிர்ந்த தண்ணீரும், ஏதோ ஒரு பானமும் மெட்டபாலிசத்தைத் தூண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்களின் பொழுதுபோக்கு.

இதற்கு நல்ல சாட்சி எண்பது வருடங்களுக்கு முன்பே இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்து, மாற்றாக இதற்குத் தாமாக முன்வந்த ஆரோக்கியமான இளைஞர்கள் அவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் கால் பங்கு போயிற்று. சும்மா இருக்கும்போதே உடம்பு எரிக்கும் ஆற்றலின் அளவு, அதாவது அடிப்படை மெட்டபாலிசம், சுமார் 40 சதவீதம் இறங்கியது. நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்பு, சமையல் குறிப்பு சேகரிப்பு, ஒரு தட்டை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு பிசைவது, குளிர், மனச்சோர்வு. அவர்களில் யாருக்கும் உடம்பு பருமன் பற்றிய கவலை இருந்ததில்லை. இத்தனைக்கும் உணவைக் குறைத்ததே போதுமானதாக இருந்தது.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட 'பட்டினி' உணவு நாளுக்குச் சராசரியாக 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு. இன்றைக்கு டயட் அட்டவணை போடுகிறவர்கள் இதைத் தாராளம் என்பார்கள். (கீழே நானே எண்கள் போட வேண்டாம் என்று கேட்கப்போகிறேன். இந்தப் பரிசோதனையின் எண்களை மட்டும் எச்சரிக்கைப் பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு அதிகம் உதவியது அந்தப் பரிசோதனையின் பின்பாதி. மீட்புக் கட்டத்தில் அந்த இளைஞர்களைப் பிரித்து, உணவை வெவ்வேறு அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். கொஞ்சமாக ஏற்றியவர்கள் கிட்டத்தட்ட அங்கேயே நின்றார்கள். நாளுக்கு 4,000 கலோரி அளவுக்குப் போனால்தான் உடம்பு ஒழுங்காகக் கட்டியெழும் என்று கீஸ் முடிவுக்கு வந்தார். தடை நீங்கியதும் பலர் வயிறு வெடிக்கச் சாப்பிட்டார்கள், அப்போதும் பசி தீரவில்லை. கொழுப்பு முதலில் திரும்பியது, பழைய அளவையும் தாண்டியது, தசை பின்தங்கியது. பிற்காலத்தில் அந்தத் தரவுகளை மறுபடி அலசியவர்கள், இழந்த தசை திரும்பும்வரை அந்தப் பசி அடங்கவில்லை என்று கண்டார்கள். அப்புறம், அவசரப்படுத்தாமலே, பெரும்பாலானோரின் உடல் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மீண்டு வருகிற ஒருவர் "எனக்கு மட்டும் வயிற்றிலேயே சதை போடுகிறது, பசியும் அடங்கவில்லை, எல்லாம் கைமீறிப் போகிறது" என்று பயந்துபோய் மறுபடி பட்டினி கிடக்கும் இடம் இதுதான். நீங்கள் சொன்ன 'இரண்டு நாள் அரைவயிறு' சரியாக அந்த இடத்தில் வந்து கதவைத் தட்டும்.

என் சிகிச்சையில் உணவியல் நிபுணர் போட்ட விதி எளிமையானது: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசித்தாலும் சரி, பசிக்காவிட்டாலும் சரி. பசி என்ற சமிக்ஞையே பழுதாகிக் கிடந்ததால் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அலுவலகத்தில் போனில் அலாரம் வைத்தேன். "என்ன சார், மாத்திரை நேரமா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். ஆமாம் என்பேன். பொய்யும் இல்லை. முந்தின ராத்திரி எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. எனக்கு அதுதான் மிகக் கடினம். ஆனால் நள்ளிரவு ஆவேசத்தை உடைத்ததும் அதுதான். இரவில் வருவது மன உறுதிக் குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பகல் பட்டினி நின்றதும் இரவும் தானாக அடங்கத் தொடங்கியது.

முதல் வாரங்களில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காலுறையைக் கழற்றினால் அதன் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். முகம் உப்பியிருக்கும். எடை மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு நீர், கொழுப்பல்ல. வாந்தி எடுத்தோ பேதி மருந்து சாப்பிட்டோ வந்தவர்களுக்கு இந்த நீர்க்கட்டு இன்னும் அதிகம். (பேதி மருந்து குறைப்பது பெரும்பாலும் தண்ணீரையும் உப்புகளையும்தான், கலோரியை அல்ல.) ராத்திரியில் சட்டை நனைய வியர்க்கும், சில்லிட்டிருந்த கை சூடாகும். செலவைச் சுருக்கியிருந்த உடம்பு மறுபடி எரிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. அந்தக் காலத்தில் எடை பார்க்கும் கருவியில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஏறுவேன். எண்ணைச் செவிலியர் குறித்துக்கொள்வார், என்னிடம் சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் அவர் முகபாவத்தை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். பயிற்சி பெற்ற முகம், ஒன்றும் தேறவில்லை.

இதைப் படித்துவிட்டு மிகவும் மெலிந்துபோன ஒருவர் வீட்டிலேயே திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கவும் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எழும், ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் செல்களுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் அவை தாழ்ந்தால் இதயம் தாளம் தப்பலாம், உயிரும் போகலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். முதல் சில நாட்கள் ரத்தப் பரிசோதனையோடும், தேவைப்பட்டால் தயமினோடும் (வைட்டமின் பி1), மருத்துவர் கண்காணிப்பில் ஏற்ற வேண்டும். வெகுவாக எடை இழந்தவர்கள், சில நாட்களாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர்கள், மயக்கம் வருபவர்கள் முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஒல்லியாகத் தெரியாதவருக்கும் இந்த ஆபத்து உண்டு. குண்டாக இருந்து வேகமாக இளைத்தவரின் இதயமும் என்னுடையதைப் போலவே மெதுவாகிப்போகும், அவரையோ எல்லோரும் கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

சரி, எடையைக் கவனிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். கவனிக்கலாம், வரிசை முக்கியம். முதலில் நாடி, ரத்த அழுத்தம், ரத்தத்திலுள்ள உப்புகள் சீராக வேண்டும். பிறகு ஒழுங்கான சாப்பாடு பல மாதங்கள் நிலைக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு தானாகத் திரும்ப வேண்டும். கருத்தடை மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு அந்தக் கணக்கில் சேராது, அது எலும்பைக் காக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ அட்டவணையில், இயல்பு எடையின் கீழ் எல்லையான 18.5ஐத் தொட்டுவிட்டதால் மட்டும் யாரும் குணமாகிவிடுவதில்லை. சிலருடைய உடம்பு அதற்கு வெகு மேலேதான் நிம்மதியாக இருக்கும். இதெல்லாம் ஆன பிறகு உடம்பு ஓர் எடையில் வந்து உட்காரும். நாம் தேர்ந்தெடுத்த எண்ணாக அது இருக்காது. என்னுடையதும் என் பழைய எடைப் பிரிவுக்கு மேலேதான் நிற்கிறது. இருக்கட்டும்.

உடற்பயிற்சி எனக்கு மெதுவாகத்தான் திரும்பக் கிடைத்தது: முதலில் நடை, அப்புறம் எடை தூக்கும் பயிற்சி, எப்போதும் சாப்பிட்ட பிறகு. தசை திரும்ப அது உதவியது. ஒருநாள் தவறினால் குற்றவுணர்வு வருகிறதா என்று மட்டும் இன்றும் கவனிக்கிறேன். வந்தால் அந்த வாரம் பயிற்சியைக் குறைக்கிறேன். சர்க்கரையோ கொழுப்போ கூடியிருக்கிறது, உணவை மாற்றியாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், பழைய நோயை அவரிடம் சொல்லிவிட வேண்டும். அப்போது அவர் தராசை வைத்துக்கொண்டு துரத்தாமல், எதைக் கூடச் சேர்க்கலாம் என்பதிலிருந்து தொடங்குவார், ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து முன்னேற்றத்தை அளப்பார்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். எடைக் குறைப்புக் கட்டுரைகளின் தலையிலேயே, உண்ணுதல் கோளாறு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள். கடைசியில் சிறிய எழுத்தில் வேண்டாம், அதுவரை யாரும் படிப்பதில்லை. இந்த நோயைப் பற்றி எழுதும்போது நோயாளியின் மிகக் குறைந்த எடை, அவர் நாளுக்குச் சாப்பிட்ட கலோரி, 'முன்பு-பின்பு' படங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நோயிலிருப்பவர் அவற்றை எச்சரிக்கையாகப் படிக்க மாட்டார், இலக்காகப் படிப்பார். நானும் அப்படித்தான் படித்தேன். கடைசியாக, அந்தக் கட்டுரையோடு வந்த படத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இளம்பெண்கள். அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதும்போது, எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் இருக்கும் பையன்களையும் அவர்களுடைய பயிற்சியாளர்களையும் உங்கள் நிருபர் போய்ப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்